கட்டிக் காட்டு, சபாபதி

பட்டுப் புடவை விற்கிறவனுக்கு வாய்தான் மூலதனம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் உண்மையில் அவனுக்குத் தோள்தான் மூலதனம், அதிலும் இடது தோள். காஞ்சிபுரம் கடைத்தெருவில், வெள்ளை மெத்தை விரித்த ஒரு கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சரிகையில் நல்லது கெட்டது தெரியாது, பேசவும் அவ்வளவாக வராது. ஒல்லி உடம்பு, சிவந்த நிறம், படிய வாரிய தலை, இவ்வளவுதான் கைவசம் இருந்தது. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவன் கட்டிக் காட்ட ஆவான் என்று சேர்த்துக்கொண்டார்.

கட்டிக் காட்டுவது என்றால் என்னவென்று வெளியாருக்குச் சொல்லிவிடுகிறேன். மெத்தையில் பிரித்துப் போட்டால் எல்லாப் புடவையும் அழகுதான். உடம்பில் ஏறினால் எப்படி இருக்குமோ என்று வந்தவர்கள் இழுப்பார்கள். பத்துப் பேர் நடுவே தன்மேல் போட்டுப் பார்க்க மணப்பெண் கூச்சப்படுவாள். அப்போது முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே "கட்டிக் காட்டு, சபாபதி" என்பார். நான் வேட்டி சட்டைக்கு மேலேயே கொசுவம் வைத்துச் செருகி, முந்தியை மார்பின் குறுக்கே கொண்டுபோய் இடது தோளில் வீசி, ஒரு சுற்றுச் சுற்றி நிற்பேன். புடவை விற்றுவிடும். கடையில் நின்று நின்று கால் வீங்கியவர்களும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்தவர்களும் இதைப் படித்தால், நான் சொல்வது உங்களுக்கு உடனே விளங்கும். நான் இரண்டு கட்சியிலும் இருந்தவன்.

மீசை வைத்த மணப்பெண்

நோய் வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் என் பழைய பவிசு உங்களுக்குத் தெரியும். முசரவாக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார்கள். அரக்குக் கலரில் ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் அக்கா என்னை நடக்கச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், தலையைக் குனிந்து கும்பிடச் சொன்னாள். நானும் மணப்பந்தலில் செய்வது போல் எல்லாம் செய்தேன். எனக்கு அப்போது நல்ல அடர்த்தியான மீசை இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் வந்ததிலிருந்து வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லாம் புடவையின் கரையைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாக முதலாளி பக்கம் சாய்ந்து கேட்டார்: "புடவை கெடக்குதுபா. இவருக்குக் கல்யாண வயசுல தங்கச்சி யாராச்சும் இருக்குதா?"

முடிச்சு

ஆற்காட்டிலிருந்து ஒரு டீச்சரம்மா வருவார். மூன்று பெண்களைப் பெற்றவர். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரிதான் புடவை பார்ப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஓர் ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரை போவார். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு மயில் கழுத்துக் கலரில் ஒன்றை நான் கட்டிக் காட்டினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். டீச்சரம்மா மட்டும் முந்தியில் சரிகைக் கோடு மார்புக்கு நேரே வளைகிறது, உள்ளே எங்கேயோ முடிச்சு இருக்கிறது என்றார்.

புடவையில் முடிச்சு என்றால் எங்கள் தொழிலில் மானப் பிரச்சினை. கூட வேலை பார்த்த கன்னியப்பன் ஓடி வந்து புடவையை உருவி வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தான். தண்ணீர் மாதிரி வழவழவென்று இருந்தது. மறுபடி கட்டினேன், மறுபடி அதே இடத்தில் கோடு வளைந்தது. இரண்டாவது புடவை கட்டினேன், அதிலும் வளைந்தது. டீச்சரம்மா எழுந்து கிட்டே வந்து, கையிலிருந்த பேனாவின் மூடியால் என் இடது மார்பைத் தொட்டுச் சொன்னார்: "முடிச்சு புடவையில இல்லபா. உம்மேல இருக்குது."

வெற்றிலைக் கறை

மறுநாள் குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். மார்க்காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் கெட்டியாக ஒன்று இருந்தது. நகரவில்லை, வலிக்கவில்லை. வலிக்காததை யார் மதிக்கிறார்கள்? கன்னியப்பனிடம் சொன்னேன். புடவையில் குத்துகிற குண்டூசிகளை நான் சட்டையில் அந்தப் பக்கம்தான் செருகி வைப்பேன், அதில் ஒன்று உள்ளே போயிருக்கும், தானாகவே வெளியே வந்துவிடும் என்று அவன் தீர்ப்புச் சொன்னான். ஆம்பளைக்கு மாரில் வேறு என்ன இருக்கப் போகிறது என்றும் கேட்டான். நானும் குண்டூசி வெளியே வரட்டும் என்று மாதக் கணக்கில் காத்திருந்தேன். குண்டூசி வரவில்லை. காம்பு உள்ளே போக ஆரம்பித்தது.

ஒரு நாள் கல்யாணக் கூட்டம். சந்தன நிறத்தில் ஒன்றைக் கட்ட எடுக்கும்போது முதலாளி திடீரென்று கத்தினார். என் வெள்ளைச் சட்டையில் இடது பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு. வெற்றிலை போட்டுக்கொண்டு முகூர்த்தப் புடவையைத் தொடுகிறாயே, சந்தனக் கலரில் பட்டால் போகுமா என்று எல்லோர் எதிரிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் பொட்டு உள்பக்கத்திலிருந்து வந்திருந்தது. கன்னியப்பன் அதை ரொம்ப நேரம் பார்த்தான். குண்டூசி என்று சொன்ன அதே வாயால் சொன்னான்: "வெத்தல போட்டா வாயி செவக்கும், மாரு எதுக்குபா செவக்குது? டாக்டராண்ட போ, சபாபதி."

எத்தனை வருஷமா கட்டி?

ஊரிலேயே ஒரு டாக்டரிடம் போனேன். தெற்கத்திக்காரர், சிரிக்கத் தெரியாத மனிதர் என்று பெயர். என்ன வேலை என்று கேட்டார். புடவை கட்டிக் காட்டுகிற வேலை என்றேன். தலையை நிமிர்த்தாமல் அடுத்து, எத்தனை வருஷமா கட்டி என்று கேட்டார். கடையில் சேர்ந்த நாள் முதல் என்றேன். வலிக்குமா என்றார். கல்யாண சீசனில் தோள் மட்டும் வலிக்கும் என்றேன். பெரிசாகிக்கொண்டே போகிறதா என்றார். ஆடி மாசத்தில் குறைந்துவிடும், தை பிறந்தால் ஜாஸ்தியாகிவிடும் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வீட்டில் வேறு யாருக்காவது கட்டி உண்டா என்று கேட்டார். வீட்டில் கட்டுவதில்லை சார், கடையில் மட்டும்தான் என்றேன். அப்புறம்தான் அவர் கேட்டது கட்டி, நான் சொன்னது கட்டுகிற கட்டி என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. அவர் சிரித்தார். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்துக்கொண்டேதான் என் மார்பைத் தொட்டார். அக்குளில் விரலை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆண்களுக்கும் மார்பில் புற்றுநோய் வரும், ரொம்ப அபூர்வம், ஆனால் வரும், ஒரு நாளும் தள்ளாமல் மெட்ராஸ் போ என்றார். அது பொம்பளைங்க வியாதியாச்சே சார் என்று மட்டும் கேட்க முடிந்தது. "வியாதிக்கு வேட்டியும் தெரியாது, புடவையும் தெரியாது" என்றார் டாக்டர், "நீர்தான் ரெண்டையும் கட்டுறவராச்சே."

நெஞ்சுக் கோளாறு

வீட்டில் எப்படிச் சொல்வது? மாரில் வந்திருக்கிறது என்று ஓர் ஆண்பிள்ளை எந்த வாயால் சொல்வான்? நெஞ்சில் கோளாறு என்றேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க எனக்கு இருதய நோய் என்று பரவிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் தறிச் சத்தம் எனக்கு ஆகாது என்று சன்னல்களைச் சாத்திக்கொண்டு நெய்தார். கன்னியப்பன் ஒரு கூடை பூண்டு கொண்டுவந்து இறக்கினான். முதலாளி, நான் மூட்டையைத் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, அதிர்ச்சியான விலையைக் கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். இருதயம் எனக்கு இரும்பு மாதிரி இருந்தது.

என் மனைவி செண்பகம் மட்டும் நம்பவில்லை. சட்டை துவைக்கிறவளிடம் எதை மறைப்பது? அடுப்படியில் உட்காரவைத்துக் கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பயம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னைத் தேடிக்கினுதான் வந்திருக்கும். நீங்க புடவையில நின்னதைப் பார்த்து ஏமாந்துட்டுது."

ஆம்பளைங்க வெளியே

மெட்ராஸில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மார்புக் கட்டி பார்க்கிற அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. பெஞ்சு நிறையப் பெண்கள். நானும் செண்பகமும் ஓரத்தில் உட்கார்ந்தோம். நர்சம்மா வந்து, ஆம்பளைங்க எல்லாம் வெளியே போங்க என்று என்னைத் துரத்தினார். நான் படியில் போய் நின்றேன். சபாபதி என்று கூப்பிட்டதும் செண்பகம் எழுந்தாள். அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் ரவிக்கையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். எனக்கில்லை, படியில் நிற்கிறாரே அவருக்கு என்று அவள் சொல்லச் சொல்ல, பயப்படாதேம்மா, எல்லோரும் இப்படித்தான் வீட்டுக்காரர் மேல் பழி போடுவார்கள் என்றாராம் நர்சம்மா.

கடைசியில் விஷயம் புரிந்து என்னைப் படியிலிருந்து உள்ளே விட்டார்கள். பெஞ்சிலிருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அப்போது அரக்கோணத்து அம்மா ஒருத்தர், அம்பது வயசிருக்கும், நெற்றி நிறையக் குங்குமம், என்னை உற்றுப் பார்த்து, நீங்கதானே எனக்கு மாம்பழக் கலர் புடவை கட்டிக் காட்டினது என்று கேட்டார். ஆமாம் என்றேன். இங்கே எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கடையில எங்களுக்காகப் புடவையைக் கட்டிக்கினீங்க, சரி. இதையுமாபா எங்களுக்காகக் கட்டிக்கணும்?"

ஒரே பீஸ்

பெரிய டாக்டர் விவரமாகச் சொன்னார். இடது மார்பு முழுக்க எடுக்க வேண்டும், அதற்கடியில் இருக்கும் சதை, அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகள், எல்லாம் போகும். தோல் போதாமல் போனால் தொடையிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். பிழைப்பேனா என்று கேட்டிருக்க வேண்டும். நான், இடது தோளில் முந்தி போட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னையும் செண்பகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செண்பகம் என் வேலையை விளக்கினாள். கை முன் மாதிரி மேலே போகாது, பழக்கினால் கொஞ்சம் போகும், எவ்வளவு என்பது உன் சாமர்த்தியம் என்றார். அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றே கவலை. உயிர் போனால் கவலைப்பட நான் இருக்க மாட்டேன். கை போனால், கடையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை போய்விடும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் ஒரு கூட்டம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டையில்லாமல் கட்டிலில் கிடந்தேன். வரிசையாக வந்து ஒவ்வொருவராகத் தொட்டார்கள், அமுக்கினார்கள், தள்ளி நின்று பார்த்தார்கள், ஒருவரும் முடிவாக ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்கள். கல்யாண சீசனில் மெத்தையில் கிடக்கும் புடவை படுகிற பாடு எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் அவர்களிடம், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த மாதிரி இன்னொன்று உங்கள் கண்ணில் படாது என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை: "நாங்களும் கடையில இதையேதான் சார் சொல்லுவோம்."

வயலட் கோடு

ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும் கரண்டு வைத்தார்கள். அதற்குச் சரியான பெயர் கதிர்வீச்சு, பெஞ்சில் எல்லோரும் கரண்டு என்றுதான் சொல்வோம். மார்பில் வயலட் மசியால் கட்டம் போட்டு, பெரிய மிஷினுக்கு அடியில் படுக்கவைத்து, கனத்த கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். நல்லது என்றால் ஏன் ஓடுகிறார்கள் என்று யோசித்தபடி படுத்திருப்பேன். கோடு அழியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, சோப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் ஆகாது. தோல் கறுத்து, வெயிலில் நடந்தால் திகுதிகுவென்று எரியும். அரக்கோணத்து அம்மாவுக்கும் அப்போது கரண்டுதான். பழைய மல்வேட்டியைக் கிழித்து உள்ளே போட்டுக்கொண்டால் சட்டை உராயாது என்று சொல்லித் தந்தவர் அவர்தான்.

அந்த நாட்களில் சைதாப்பேட்டையில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். ஒரு நாள் சட்டையில்லாமல் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி மாவு வாங்க வந்தவள் என் மார்பிலிருந்த கட்டத்தையும் கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டாள்: "உங்க தம்பிக்கு எந்திரம் போட்டவரு எங்க இருக்காரு? எங்க வூட்டுக்காரரு குடியை வுடறதுக்கு ஒண்ணு போட்டுக்கினு வரணும்."

வளர்கிற அம்மன்

ஊருக்குத் திரும்பினேன். இடது கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை, வீக்கம் வேறு. ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் பூச்சி ஊர்கிற மாதிரி மேலே மேலே ஏற வேண்டும். தோல் இழுக்கும், கண்ணில் தண்ணீர் வரும். இனிமேல் முடியாது என்று நான் விடுகிற இடத்தில் செண்பகம் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். மறுநாள் அந்தப் பொட்டைத் தாண்டினால்தான் காப்பி. தாண்டாத நாள் காப்பி இல்லாமல் கடைக்குப் போயிருக்கிறேன்.

முன்கட்டுச் சுவரில் பொட்டுக்கு மேல் பொட்டாக ஒரு வரிசை ஏறியது. கோயில் இல்லாத தெருவே இல்லாத ஊர் எங்களுடையது. இங்கே சுவரில் குங்குமம் வைத்தால் யாராவது கும்பிடாமல் விடுவார்களா? எதிர் வீட்டுத் தறிக்காரரின் மனைவி வருகிறபோதெல்லாம் அங்கே ஒரு நிமிஷம் நின்று கும்பிட ஆரம்பித்தாள். அப்புறம் சாமந்திப் பூ வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரமே வந்துவிட்டது. எந்த அம்மன் என்று செண்பகம் கேட்டதற்கு அவள் பயபக்தியோடு சொன்னாள்: "இன்னா அம்மன்னு தெரியலமா, ஆனா நாளுக்கு நாள் வளந்துக்கினே போவுது."

வேட்டிகளின் நடுவே

கடையில் முதலாளி என்னை விரட்டவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷன். பின்பக்கத்தில் வேட்டி துண்டு விற்கிற இடத்தில் உட்காரவைத்தார். வேட்டி வாங்க வருகிறவன் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவான். வேட்டியைக் கட்டிக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அங்கே உட்கார்ந்தபடி, கன்னியப்பன் என் இடத்தில் நின்று புடவை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவனுக்கு நல்ல தொப்பை. கொசுவம் நிற்காது, முந்தி முழங்கைக்கு மேல் வராது. ஒரு கிழவி அவனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது புள்ளத்தாச்சிக்குக் கட்டற புடவையா என்று கேட்டாள். நான் வேட்டிகளுக்குப் பின்னால் சிரித்தேன். சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் வயிறு எரிந்தது. அது என் இடம்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். அரக்கோணத்து அம்மாவின் மகள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா போய்விட்டார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே மிஷினில் படுத்தோம், அவர் போய் நான் இருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, வேட்டிகளின் நடுவே உட்கார்ந்து அழுதேன். கடைசியில் அந்த மாம்பழக் கலரைத்தான் அம்மாவுக்குக் கட்டினோம் என்றாள். போகும்போது நின்று சொன்னாள்: "காஞ்சிபுரம் போனா அந்தக் கடைக்காரரு கையைத் தூக்கிட்டாரான்னு பார்த்துக்கினு வான்னு அம்மா சொன்னாங்க."

அவிழ்த்துக் காட்டியது

செவிலிமேட்டு நெசவாளி சின்னசாமி புடவை கொடுக்கக் கடைக்கு வருவான். வந்தால் நேரே முன்பக்கம் போகிறவன், அன்றைக்கு என்னிடம் வந்து ஒரு வேட்டியைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தான். வாங்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. கடைசியில் குனிந்து, அண்ணே, எனக்கும் அங்கே ஒரு கட்டி இருக்கிறது என்றான். பத்துப் போட்டுப் பார்த்தானாம், மந்திரித்துப் பார்த்தானாம். பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கம், டாக்டரிடம் காட்ட அதைவிட வெட்கம். எனக்கு என் குண்டூசி மாதங்கள் ஞாபகம் வந்தன. அவனைச் சரக்கு வைக்கிற திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் என் சட்டையைக் கழற்றினேன். விலா எலும்பு தெரிகிற அந்தப் பள்ளத்தை அவன் பார்த்தான். கையைத் தூக்கிக் காட்டினேன், உயிரோடிருக்கிறேன் பார் என்று காட்டினேன். வெளியிலிருந்து முதலாளி, திரைக்குப் பின்னால் யாருக்கப்பா கட்டிக் காட்டுகிறாய் என்றார். கட்டவில்லை முதலாளி, அவிழ்த்துக் காட்டுகிறேன் என்றேன்.

மறுநாளே சின்னசாமியை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவன் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பியவன் நேரே என்னிடம் வந்து சண்டை பிடித்தான். கட்டியை வெட்டியெடுத்துச் சோதித்துப் பார்த்தார்களாம், ஒன்றுமில்லையாம், வெறும் கொழுப்பாம். தறி சும்மா கிடந்ததுதான் மிச்சம் என்று குதித்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொண்டு கேட்டான்: "எனக்குக் கொழுப்புன்னு சொல்றதுக்கு மெட்ராஸ் டாக்டரு எதுக்குண்ணே? எங்க வூட்டுல தெனமும் சொல்லிக்கினுதானே இருக்குது?"

மறுபடியும் டீச்சரம்மா

ஆற்காட்டு டீச்சரம்மா இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கு வந்தார். அவர் கேட்டது அதே மயில் கழுத்து. கன்னியப்பன் கட்டினான். டீச்சரம்மா மதிப்பெண் போடவில்லை. அந்த முடிச்சுக்காரர் எங்கே என்று கேட்டார். முதலாளி என்னவோ சொல்லி மழுப்பினார். டீச்சரம்மாவா விடுவார்? முதலாளி பின்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு, எனக்குக் கேட்கக் கூடாது என்பது போல, அவ்வளவு சன்னமாக, கட்டிக் காட்டு சபாபதி என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு வருஷம் ஓடியிருந்தது.

கொசுவம் வைக்கிறவரை பயமில்லை. முந்தியை மார்பின் குறுக்கே கொண்டுவந்தேன். இனி இடது கையை விரித்துத் தூக்கி, வலது கையால் தோளுக்கு மேல் வீச வேண்டும். கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றது. தோல் இழுத்தது. செண்பகம் கடைசியாக வைத்த பொட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று மனசுக்குள் பார்த்தேன், அதற்கு மேலே ஒரு விரல் போ என்று கைக்குச் சொன்னேன். போனது. வீசினேன். கன்னியப்பன், விழுந்தால் பிடிக்கலாம் என்று பின்னால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றான். முந்தி தோளில் போய் உட்கார்ந்தது. கன்னியப்பன் ஏந்திய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

டீச்சரம்மா எழுந்து வந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. இடது மார்புக்கு நேரே வெகுநேரம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். சரிகைக் கோட்டின் மேல் பேனா மூடியை மேலிருந்து கீழாக இழுத்தார். எங்கேயும் நிற்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இப்பத்தான்பா முந்தி நேரா விழுது. நல்ல வேளை, முடிச்சை அவுத்துட்டே."

ஆக மொத்தம், கட்டிக் காட்டிப் பிழைத்தேன், கட்டியைக் காட்டியும் பிழைத்தேன், இரண்டில் எது நல்ல வியாபாரம் என்று முதலாளியைக் கேட்டால், மயில் கழுத்து விற்றதைத்தான் இன்றுவரை சொல்கிறார்.